ஜன்னலுக்குக் கீழே ஒரு கோடு

'ஐப்பசி வெள்ளம் வடிந்த பிறகு. புதன்.'

ஒரு கல்யாணப் புகைப்படத்தின் பின்பக்கம் நீல மையில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கீழே ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை. தேதி இல்லை, வருடம் இல்லை. அந்த வீட்டில் கல்யாணப் பத்திரிகை ஒன்று மிச்சமிருந்ததால் எழுபத்தேழாம் வருடம் என்று கண்டுபிடித்தேன். எழுதியவரிடமே ஒருமுறை கேட்டேன், ஏன் வருடம் போடவில்லை என்று.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்ல தம்பி, எந்த வருசம்னு" என்றார்.

தேதிகளைச் சேர்த்துவைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவன் நான். இந்த ஒரு பதிலுக்காகவே அவர் மேல் எனக்கு வெகுநாள் எரிச்சல் இருந்தது.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. பின்னால் பேசும்போது 'ஸ்டுடியோ பாய்'. நேரில் வெறும் 'பாய்'. அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. பெயர் எனக்குத் தெரியும். மகன்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள்; அவர்களைக் கேட்காமல் அதை இங்கே எழுதுவது முறையில்லை.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. சட்டைப் பையில் எப்போதும் ஊசிபோல் சீவிய பென்சில்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் எல்லோருமே 'டச்சிங்' செய்வார்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில், நிஜத்தில் கறுப்பாக இருக்கும் இடம் தெளிந்த கண்ணாடிபோல் இருக்கும். அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால் பிரிண்டில் அது வெளுத்துவிடும். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் போய்விடும். மற்றவர்கள் கேட்டால் செய்வார்கள். பாய் கேட்காமலே செய்வார். ஒரு கறையைக் கண்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

என் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. பள்ளிச் சான்றிதழில் அதைத்தான் அடையாளக் குறியாக எழுதியிருக்கிறார்கள். வங்கித் தேர்வு எழுதப் போனபோது கண்காணிப்பாளர் என் முகத்தையும் அனுமதிச் சீட்டிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தழும்பு எங்கய்யா?"

"இதோ சார்."

"அது உன் மூஞ்சியில. படத்துல எங்க?"

அரை மணி நேரம் வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே விட்டார். ஊருக்கு வந்ததும் நேராக மாடியேறிச் சண்டை போட்டேன். பாய் அசையவில்லை. "அது பரீட்சைக்குப் போற மூஞ்சி தம்பி. வெட்டுக்காயத்தோட போனா ரவுடிப் பயன்னு நெனைக்க மாட்டானா? வேலை கெடைக்கணும்னுதான எடுத்தேன்" என்றார். வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த வாதத்தில் நான் ஜெயிக்கவே முடியவில்லை.

செத்தவர்களுக்குக் கண் திறப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போனவர்கள் அப்போது நிறைய. பாடையில் வைப்பதற்கு முன் பாயைக் கூப்பிடுவார்கள். மூடிய கண்களோடு படம் எடுத்துக்கொண்டு போய், இமைகளின் மேல் விழிகளை வரைந்து, சட்டம் போட்டுத் தருவார். வீட்டார், "அப்படியே பாக்கறாரு" என்று அழுவார்கள். நானும் அதில் நெகிழ்ந்தவன்தான். பிறகு வெள்ளம், புயல் பற்றிய பழைய காகிதங்களைத் தேடி வீடு வீடாகப் போக ஆரம்பித்தபோது ஒன்றைக் கவனித்தேன். எந்த வீட்டுச் சுவரில் பார்த்தாலும், செத்துப்போனவர்கள் எல்லோருக்கும் ஒரே ஜோடிக் கண்கள். லேசாகச் சிரிக்கிற, வலது ஓரம் கொஞ்சம் சுருங்கிய கண்கள். நன்றாகத் தெரிந்த கண்களாகவும் இருந்தன. யாருடையவை என்று பிடிபட எனக்குச் சில வாரங்கள் ஆயின. அவர் தன்னுடைய கண்களைத்தான் வரைந்துகொண்டிருந்தார்.

நான் சேர்ப்பது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். மழைமானிக் குறிப்புகள், உடைப்பெடுத்த கரைகளைப் பற்றிய மனுக்கள், நிவாரண நோட்டீசுகள், இடிந்த மதிலைக் கட்டிய கோயில் செலவுக் கணக்குகள், புகைப்படங்கள். தண்ணீரும் காற்றும் இந்தப் பகுதியில் செய்தவை பற்றி எந்தக் காகிதம் கிடைத்தாலும் சரி. தஞ்சாவூரில் ஒரு கல்வி நிறுவனத்தின் காப்பகத்தில் இதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்கினார்கள். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக பாயிடம்தான் போனேன். ஊரில் வேறு யாரிடமும் அவ்வளவு நெகட்டிவ் கிடையாது.

பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தார். டப்பாக்களின் மேல் வருடம் இருக்கும் என்று நினைத்தேன். தெருப் பெயர் எழுதியிருந்தது. மேலவீதி, பள்ளிவாசல் தெரு, காலனி, கடைத்தெரு.

"வெள்ளத்துல எடுத்ததெல்லாம் எந்த டப்பா பாய்?"

"வெள்ளத்துக்குன்னு ஏது தம்பி டப்பா? வெள்ளத்தை யாரு காசு குடுத்துப் படம் புடிப்பா?"

"நீங்களா எடுத்திருக்கலாம்ல? கைல கேமரா இருந்துச்சே."

"நாறிக் கெடந்துச்சு தம்பி ஊரு. அதைப் போயி படம் புடிச்சு என்ன பண்றது? மாட்டி வைக்கறதா?"

ஒரு வாரம் உட்கார்ந்து எல்லா டப்பாக்களையும் பார்த்தேன். ஊர் முழுக்கச் சேறாகக் கிடந்த மாதங்களிலும் ஸ்டுடியோவுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். துணியில் வரைந்த ஏரிக்கும் பனிமலைக்கும் முன்னால், இஸ்திரி போட்ட வேட்டியோடு, உலர்ந்து, நிமிர்ந்து நிற்கிறார்கள். ஒரு படத்தில் மட்டும் ஒருவரின் கால் விரலிடுக்கில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. சேறாக இருக்கலாம். அந்த ஓர் இடம் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

கஜா புயல் அடித்த பிறகு நடந்தது இன்னும் மோசம். அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பேராவூரணி. தோப்புகள் விழுந்து கிடப்பதைப் பார்க்கப் போனவரை, நிவாரண மனுவோடு இணைக்கப் படம் வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். விழுந்த மரத்தின் பக்கத்தில் சொந்தக்காரர் நிற்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. பாய் ஒவ்வொருவரையும் தலை சீவவைத்து, சட்டைப் பொத்தானைப் போடவைத்து, "கொஞ்சம் சிரிங்க அத்தா" என்று சொல்லி எடுத்திருக்கிறார். அதற்குள் கம்ப்யூட்டரில் வேலை செய்யவும் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு தோப்பில் பின்னணி முழுக்க வெறும் வானமாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓரத்தில் காய் காய்த்த ஒரு தென்னையை நிறுத்திவிட்டார்.

படத்தை வாங்கிப் பார்த்த கிராம அலுவலர் கேட்டாராம்: "எல்லாம் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஒண்ணு நிக்குதே? நீங்களும் பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கறீங்க?"

தோப்புக்காரர் அந்த மரத்தை அன்றுதான் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து பாயிடம் கத்தினார். இதை என்னிடம் சொன்னதும் பாய்தான், சிரித்துக்கொண்டே. "வெறிச்சுனு கெடந்துச்சு தம்பி. பாத்தா மனசு விட்டுப்போயிரும்" என்றார். நல்லவேளையாகத் தோப்புக்காரரிடம் செல்போனில் எடுத்த படம் இருந்தது. மங்கலாக, கோணலாக, உண்மையாக.

இனி கல்யாணப் படத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே வடிகால் வாய்க்காலை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. சிறு தூறலுக்கே தண்ணீர் நிற்கும் பள்ளம். அந்தத் தெருவுக்கும் வாய்க்காலின் கீழ்ப்பகுதிக்கும் நடுவே, உயர்ந்த மண் கரையின் மேல் புறவழிச்சாலை வருவதாக முடிவாயிற்று. கரைக்கு அடியில் தண்ணீர் போகத் திட்டத்தில் ஒற்றைக் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். அந்தக் குழாய் போதாது, மூன்று கண் உள்ள பாலம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் எங்கள் தெரு ஏரியாகிவிடும் என்று அந்தத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். முன்னின்றவர் அமுதா, அரசு மருத்துவமனையில் செவிலியர். தாத்தா காலத்தில் பிறர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலமும், தெருவில் வீட்டுக்கு ஒரு படித்தவரும் உண்டு.

பொறியாளர் அவர்களை உட்காரவைத்துத்தான் பேசினார். "ஆளாளுக்கு ஒரு உயரம் சொல்றீங்கம்மா. ஒருத்தர் முட்டிங்கறாரு, ஒருத்தர் கழுத்துங்கறாரு. நான் எதை வச்சு டிசைன மாத்தறது? எழுத்துல, படத்துல ஏதாவது இருந்தா கொண்டாங்க."

அலுவலகத்தில் அந்தப் பக்கத்து வெள்ள மட்டம் பற்றிய பழைய குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. என் அலமாரியிலும் இல்லை. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இருந்தது. அந்தத் தெருவைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்போதுதான் அமுதாவின் அம்மா தன் கல்யாணப் படத்தைச் சொன்னார்.

"தண்ணி வடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகலைங்க. நாள் குறிச்சாச்சு, மாத்த முடியாதுன்னுட்டாங்க. மாலையைப் போட்டுக்கிட்டு இவுக வீட்டு வாசல்ல நிக்கறோம். முதுகுக்குப் பின்னால செவுரு சொதசொதன்னு ஈரம். ஜன்னலுக்குக் கீழ வரைக்கும் கறை. பாய், ஒட்டாம நில்லு ஒட்டாம நில்லுன்னு சத்தம் போடறாரு."

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டுக் காரை வீடு கட்டியாகிவிட்டது. படம் மட்டும் இருந்தது. நான் பூதக்கண்ணாடியோடு போனேன். மணமகள், மணமகன், வாசல், ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே சுவர். சுவர் பால்போல் வெளுத்திருந்தது.

"சார், எங்க வீட்டுக்கு மொதமொதல்ல வெள்ளையடிச்சதே நான் ஏழாவது படிக்கறப்பதான்" என்றார் அமுதா.

இருவரும் மாடியேறினோம். ஸ்டுடியோவின் முன்பாதியை செல்போன் கடைக்கு விட்டிருந்தார். பின்னால் ஓர் அறையில் டப்பாக்களோடு பாய். படத்தைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தச் செவுத்துக் கறைய எடுத்தது நீங்கதான?" என்றேன்.

"நாந்தான். வேற எவன் எடுப்பான்? ரெண்டு நாள் உக்காந்தேன். பென்சில் தெரியுதா பாரு."

"தெரியலை."

"தெரியாது."

"பாய், அந்தக் கறைதான் இப்ப எங்களுக்கு வேணும்" என்றார் அமுதா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணப் படத்துலயா? உங்கம்மாவைக் கேட்டியா?"

"அம்மாதான் கேக்கச் சொல்லுச்சு."

"உங்கம்மா இந்தப் படத்தை வாங்கறப்ப என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நம்ம வீடாங்க இது'ன்னு உங்கப்பனைப் பாத்துக் கேட்டுச்சு. ரெண்டு மூணு தடவை கேட்டுச்சு." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருக்கறதை எதுக்கும்மா கெடுக்கணும்?"

"பாலம் சின்னதா வச்சா வீட்டுக்குள்ள மறுபடி தண்ணி வரும் பாய். அப்பவும் வந்து பென்சில்ல அழிப்பீங்களா?"

நெகட்டிவில் போட்ட பென்சிலை ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். பாயே முன்பு சொல்லியிருக்கிறார். நெகட்டிவ் கிடைத்தால் போதும், தஞ்சாவூரில் காப்பகத்தில் வைத்துத் துடைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். "பிற கை பட்டா கீறிரும். நானே பாக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் நடந்த நடை கொஞ்சமில்லை. போனால், தேடிக்கொண்டிருக்கிறேன் என்பார். அடுத்த முறை, கிடைத்துவிட்டது, ஆனால் வெளிச்சம் சரியில்லை என்பார். காட்டுங்கள் என்றால் டீ வரவழைப்பார். மனுவுக்கான கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அமுதா வேலை முடிந்து சீருடையோடே வந்து படியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு ஆவணம் போச்சேன்னு கோவம் சார். எங்களுக்கு வீடு."

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, உறையில் போட்டு ஒரு பிரிண்டையும் அதன் பிரதி ஒன்றையும் கொடுத்தார். புதிய, பெரிய பிரிண்ட்.

சுவரில் கோடு இருந்தது. ஜன்னலுக்கு அடியில், ஒரு சாண் கீழே. கோட்டுக்கு மேலே வெளுப்பு. கீழே சேறு ஊறிய கருமை, தரையை நெருங்க நெருங்க அடர்ந்து. மணமகளின் தோளுக்குப் பின்னால் நுழைந்து, மணமகனின் மறுபக்கத்தில் அதே உயரத்தில் வெளிவந்தது. நாலைந்து இடங்களில் திட்டுத் திட்டாகப் பாசிகூட. இவ்வளவு தெளிவான வெள்ளத் தடத்தை நான் எந்தத் தொகுப்பிலும் பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகம் வந்தது.

"நெகட்டிவ் எங்க பாய்?"

"அது போச்சு தம்பி. ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சனா, மேல் பூச்சு உரிஞ்சு வந்துருச்சு."

"அப்ப இந்தப் பிரிண்ட் எப்படி வந்துச்சு?"

"ரெண்டு தடவை தொடச்சேன். மொதத் தடவையில கோடு வந்துச்சு, பிரிண்ட் போட்டுட்டேன். இன்னும் நல்லா வரட்டுமேன்னு ரெண்டாவது தடவை தொடச்சேன். அப்பதான் போச்சு."

"உரிஞ்சதையாவது காட்டுங்க."

"குப்பையை எதுக்குத் தம்பி வச்சிருக்கப் போறேன்?"

நான் படத்தை அவர் முன்னால் நீட்டினேன். "கோடு இவ்வளவு மட்டமா இருக்கே பாய்? ஸ்கேல் வச்ச மாதிரி?"

"தண்ணி மட்டமாத்தான் நிக்கும்" என்றார்.

உண்மைதான். தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். அவர் முகத்தையே பார்த்தேன். ஊரில் பாதி வீட்டுச் சுவர்களிலிருந்து என்னைப் பார்க்கும் அதே கண்கள், வலது ஓரம் கொஞ்சம் சுருங்கி. அவற்றில் எதையும் படிக்க முடியவில்லை. படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் நீல மையில், அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, வருடம் போட்டிருந்தார். சரியான வருடம்தான். ஆனால் அதை அவருக்குச் சொன்னவன் நான்.

அமுதாவின் அம்மா படத்தைப் பார்த்ததும், "இதேதான், இங்கதான் நின்னுச்சு" என்று விரலை வைத்தார். பிறகு, "அந்தப் பழைய படத்தை என்கிட்டயே குடுத்துடுங்க" என்று வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மனுவோடு சேர்க்க நான் ஒரு குறிப்பு எழுதினேன். படம் எடுத்த வருடம், இடம், பிரதியின் வரலாறு எல்லாம் எழுதிவிட்டு, 'இப்பிரதியில் கைவேலை இருக்க வாய்ப்புண்டு' என்று முடித்திருந்தேன். அமுதா படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதை எடுத்துடுங்க சார்."

"எடுக்க முடியாதும்மா."

"தண்ணி வந்தது பொய்யா?"

"இல்லை."

"அந்த உயரம் பொய்யா? அம்மா பொய் சொல்லுதா?"

"இல்லைம்மா. ஆனா அது அம்மா சொல்றது. படம் சொல்லுதான்னு எனக்குத் தெரியலை."

"ஐம்பது வருசமா நாங்க சொன்னதை ஒருத்தரும் எழுதலை. ஒரு கோடு கெடைச்சிருக்கு. அதையும் நீங்களே சந்தேகப்படறீங்க" என்று எழுந்துவிட்டார். என் குறிப்பை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். படத்தின் இன்னொரு பிரதி, குறிப்போடு, என்னிடம் தங்கிவிட்டது.

பாலத்தை மாற்றினார்கள். மூன்று கண் கேட்டதற்கு இரண்டு கண் கிடைத்தது. படம்தான் காரணமா, தேர்தல் வந்ததா, பொறியாளருக்கே தோன்றியதா என்று விசாரித்துப் பார்த்தேன். கோப்பில், 'பொதுமக்கள் கோரிக்கையின்படி' என்று மட்டும் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கோப்பையும் என்னிடம் காட்டவில்லை. சென்ற ஐப்பசி மழையில் நான் போய்ப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். இரண்டு கண்களிலும் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. தெருவுக்குள் ஏறவில்லை. அமுதா குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டினார், பக்கத்தில் வரவில்லை.

பாய் அதற்கு முந்தைய ரமலான் நோன்பு தொடங்குமுன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் வந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் டப்பாக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தன. கடைக்காரர் தகரத்தை மட்டும் எடைக்கு எடுத்துக்கொண்டு உள்ளே இருந்தவற்றைக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார். சாம்பலில் ஏதாவது மிஞ்சியதா என்று குச்சியால் கிளறிக்கூடப் பார்த்தேன். அவருடைய ஒரு படம் வேண்டும் என்று மூத்த மகனிடம் கேட்டேன், இந்தக் குறிப்போடு காப்பகத்தில் வைக்க. "அத்தா தன்னைப் படம் எடுத்துக்கிட்டதே இல்லையே அங்கிள்" என்றான்.

காப்பகத்தில் அந்தப் பிரிண்டுக்கான பதிவை நான்தான் எழுதினேன். பொறுப்பாளர், கடைசி வாக்கியம் தேவையா, படம் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். தேவை என்றேன். பதிவு இப்படி முடிகிறது: 'ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே சுவரில் காணப்படும் கோடு எழுபத்தேழாம் வருட வெள்ளம் விட்டுச் சென்ற கறையா, பிற்பாடு கையால் வரையப்பட்டதா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.'